கருகின ரொட்டிக்குப் பேரு வந்த கதை

படுத்துக்கிட்டியா யாழி? கால ஆட்டாமக் கேளு. நாம புதுசா குடிவந்திருக்கோமே இந்த அமெரிக்க ஊரு, இதுக்குக் ‘கருகின ரொட்டி’ன்னு பேரு வந்த கதை. நடுநடுவே "ம்" சொல்லணும். நேத்து மாதிரி விட்டீன்னா நான்தான் முதல்ல தூங்கிடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல எல்லாம் இருந்துச்சாம், பேரு மட்டும் இல்லியாம். எல்லாம்னா என்ன, அஞ்சாறு வீடு, ஒரு பன்னி, அபிகேல்னு ஒரு புள்ளத்தாச்சி. பேர்ப்பலகை இல்லாத எடத்துல ரயிலு நிக்காது. குப்குப்குப்னு போயிட்டே இருக்கும். அப்போ பாத்து, அபிகேலுக்குப் பிரசவம் பாக்க அவ அக்கா லிடியா ரயில்ல வர்றாளாம். இங்க நிக்கலைன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் இறங்கணும். ஆத்துக்குப் பாலம் கிடையாது.

"அய்யோ."

அப்புறம் ஊரே கூடி ‘மாநகரம்’னு பலகை நட்டுச்சு, டொக் டொக். ரயில்வேக்காரர் வந்து பாத்தார். "எங்கய்யா மாநகரம்? பன்னிதான் தெரியுது." பிடுங்கிட்டார். அப்புறம் ‘தேன்தண்ணி’ன்னு நட்டாங்க. கிணத்துல ஒரு வாய் குடிச்சவர், தூ! ஒரே உப்பு. அதுவும் போச்சு.

மூணாவது பலகைக்கு, லிடியா வர்ற அன்னிக்குக் காலைல கூடினா, "எங்க தாத்தா பேர வை", "எங்க மாமா பேர வை"ன்னு ஒரே சண்டை. அபிகேலும் அடுப்புல ரொட்டிய வச்சுட்டு சண்டை போடப் போயிட்டா. பேச்சுன்னு உக்காந்தா அடுப்பு மறந்துரும், உங்கம்மா என்னை மாதிரியே.

"ரொட்டி?"

புசுபுசுன்னு புகை! அப்போ பாத்து, கூ...ன்னு ரயிலு! அபிகேல் புகையுற சட்டியோட தண்டவாளத்துக்கு ஓடினா. டிரைவர், ஊரே பத்திக்கிச்சுன்னு நினைச்சு, கிரீ...ச்! நிறுத்திட்டார். வாளியத் தூக்கிட்டு ஆளுங்க குதிச்சாங்க. லிடியாவும் இறங்கிச் சட்டிக்குள்ள எட்டிப் பாத்தா. "ஏண்டி, இன்னுமா அடுப்பப் பாக்கக் கத்துக்கல?"

சண்டை போட்டவங்களே சிரிச்சுட்டாங்க. அதே ரயில்ல வந்த ரயில்வேக்காரர் ஒரு துண்டப் பிச்சு வாயில போட்டார். "கருகின ரொட்டி. இதுல பொய்யே இல்ல. இதையே எழுதுங்கய்யா."

அன்னிக்கே குவா குவா.

"அம்மா... நீ தோசையக் கருக்கிப் புகை அலாரம் அடிச்சுதே..."

அத ஏண்டி இப்ப? இந்த ஊர்ல ஒருத்தரும் நம்ம கதவத் தட்டலியேன்னு ஏங்கிட்டிருந்தேன். தீயணைப்பு வண்டியே வந்து தட்டிட்டுப் போச்சு.

"கீழ் வீட்டு ஆன்ட்டி இன்னிக்கு என்னைய, ‘தோசை வீட்டுப் பொண்ணா நீ’ன்னு கேட்டாங்க."

அட! நமக்கும் பேரு வச்சாச்சா? அப்போ இனிமே ரயிலு நம்ம வீட்லயும் நிக்கும்.

"ம்..."

கதை வெந்துது, அடுப்பு அணைஞ்சுது, கண்ண மூடு.

இரு. அணைச்சேனான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.