பின்பெட்டியில் இருந்தது

"மூடிக் கெடக்குறத ஒரு தட்டுத் தட்டிப் பாரு நெய்னா..."

வாப்பா சொல்வார். அதற்கப்புறமும் ஏதோ சொல்வார். அந்தப் பின்பாதி நெய்னாவுக்கு மறந்துபோயிருந்தது.

கல்யாண வீடுகளில் சோறாக்கிய மனிதர் வாப்பா. மௌத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது. கேட்க முடியாது.

முன்பாதியை வைத்தே நெய்னா பிழைத்துவிட்டார். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வேலை. வந்திறங்கும் கண்டெய்னர்களில் கள்ள அறை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் மாறினால் அறுக்க வேண்டும். மீசை கறுத்திருந்தபோது போனவர், வெளுத்த பிறகு திரும்பி வந்தார்.

ஊரில் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தேங்காயைத் தட்டினார். கடைக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அத்தை மகன் கலந்தர் ஒரு படகைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பழைய ஃபைபர் மோட்டார் படகு. அடியில் நீளமாக ஒரு விரிசல். எஞ்சின் தனியாக ஒரு சாக்குக்குள். டிராக்டரில் ஏற்றி வந்து, நெய்னா வீட்டுக் கொல்லையில் டயர்களின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"மச்சான், இதைச் சரிபண்ணிக் கடல்ல விடுங்க."

"என்ன விலை?"

"என்ன மச்சான் விலை? சும்மா வச்சுக்குங்க."

சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு நெய்னாவுக்கு உறுத்தியது.

மறுவாரம் கலந்தர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நெய்னாவின் மகள் சபுராவைக் கலந்தரின் மகனுக்கு.

உறுத்தல் இரண்டானது.

*

ஊரின் கடைசித் தெருவில், சின்னப் பள்ளிவாசலை ஒட்டிய வீட்டில் அவருடைய குரு இருந்தார். வயதில் நெய்னாவுக்கு இளையவர். நெய்னா அவரை ஹஜ்ரத் என்பார். அவர் நெய்னாவைக் காக்கா என்பார், கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல.

"ஹஜ்ரத், ஒருத்தனை நம்பலாமா வேண்டாமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஹஜ்ரத் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"யாரை?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா யாரை?"

"கலந்தரை."

"என்ன செஞ்சாரு?"

"சும்மா ஒரு படகு கொடுத்தான்."

"அட பாவமே."

நெய்னா முகம் சுருங்கியது. "வெளையாடாதீங்க ஹஜ்ரத். படகைக் கொடுத்துட்டுப் பொண்ணைக் கேக்கறான். எதிர்க்கரைக்குப் போய்வந்த படகுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. போன படகு வெறுங்கையோடவா திரும்பும்? தங்கம் கடத்தின வீட்டுக்கா என் மகளை அனுப்புறது?"

"பேசினது யாரு?"

"ஊரு."

ஹஜ்ரத் ஒரு ஈர்க்கை உருவி முடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"படகுக்கு வேலையைப் பாருங்க காக்கா."

*

நெய்னா வேலையைப் பார்த்தார்.

உப்புத்தாள் வாங்கித் தேய்த்தார். தூள் பறந்து கையெல்லாம் அரித்தது. ஃபைபரில் கலந்திருந்த கண்ணாடித் தூள். வீட்டுத் துணிகளை அவர் சட்டையோடு சேர்த்துத் துவைத்ததில் வீடே சொறிந்துகொண்டிருந்தது.

"ஒரு படகு வந்துச்சு, குடும்பத்துக்கே சொறி வந்துச்சு" என்றாள் மனைவி மைமூன்.

விரிசலை அடைக்க ரெசின் பசை கலக்கினார். டப்பாவில் போட்டிருந்த அளவை அவர் நம்பவில்லை. அதை இறுக்கும் மருந்தைக் கூடக் கொஞ்சம் ஊற்றினார். குவளை சுட்டது. பிறகு புகைந்தது. பிறகு குச்சியோடு சேர்ந்து கல்லாகிவிட்டது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

"அந்த டப்பாவுல எழுதியிருக்கறதையாவது நம்புங்களேன்" என்றாள் மைமூன். "மக சரின்னுட்டா. அந்தப் பையன் சரின்னுட்டான். நீங்க ஒருத்தர்தான் படகைத் தட்டிக்கிட்டு இருக்கீங்க. வெள்ளிக்கிழமை கலந்தர் அண்ணன் பதில் கேட்டு வருவாரு. என்ன சொல்லப் போறீங்க?"

நெய்னா மறுபடி உப்புத்தாளை எடுத்தார். தேய்த்தார்.

பச்சைக்குக் கீழே நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே மஞ்சள்.

அன்றே ஹஜ்ரத்திடம் ஓடினார்.

"மூணு பெயின்ட் ஹஜ்ரத்! ஒண்ணுக்கு மேல ஒண்ணு. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு மூணு தரம் பூசுறான்?"

"உங்க வீட்டுச் சுவத்துல எத்தனை இருக்கும்?"

"அது சுண்ணாம்பு."

"ஓ" என்றார் ஹஜ்ரத்.

*

விரிசல் அடைபட்டது. இந்த முறை மைமூன் பக்கத்தில் நின்று மருந்தை அளந்து கொடுத்தாள். படகை நிமிர்த்தி வைத்தார்கள்.

நெய்னா ஒரு கரண்டிக் காம்பை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.

பக்கச் சுவர், டக் டக். தரை, டக் டக்.

பின்பக்கம் உட்காரும் இடம். தொம்.

கை நின்றது.

மறுபடி தட்டினார். தொம். முன்பக்கம் போனார். அங்கேயும் உட்காரும் இடம் ஒரு பெட்டி மாதிரி இருந்தது. தொம்.

மூடி இல்லை. கீல் இல்லை. பூட்டு இல்லை. நான்கு பக்கமும் வழவழவென்று ஃபைபரால் மூடியிருந்தது. உள்ளே வெற்றிடம்.

இத்தனை காலமும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததே இந்தச் சத்தத்துக்குத்தான்.

பின்பெட்டியின் மேல் ரம்பத்தை வைத்து அறுத்தார். கை நுழையுமளவு ஒரு வாய் திறந்தது. விளக்கடித்துப் பார்த்தார். கையை விட்டுத் துழாவினார்.

*

"என்ன இருந்தது?" என்றார் ஹஜ்ரத்.

"ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"மூலை மூலையாப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. ஒரு தூசிகூட இல்ல."

"சந்தோஷம்."

"என்ன சந்தோஷம்? எத்தனை பழைய படகு! அதுல ஒரு பெட்டிக்குள்ள தூசிகூட இல்லேன்னா என்ன அர்த்தம்? எவனோ தொடைச்சு வச்சிருக்கான்."

"யாரு, கலந்தர் காக்காவா?"

"வேற யாரு?"

"கதவே இல்லாத பெட்டிக்குள்ள கையை விட்டுத் தொடைச்சாரா?"

நெய்னா மீசையை நீவினார்.

"அதான் ஹஜ்ரத் எனக்கும் புரியல. அவ்வளவு பெரிய கெட்டிக்காரன்."

ஹஜ்ரத் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரக்கு முன்பெட்டியில இருக்கணும்" என்றார் நெய்னா. "நாளைக்கு வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிஞ்சு அவன் வருவான். அவன் முன்னாலயே அறுக்கப் போறேன். அறுக்கும்போது அவன் முகத்தைப் பாக்கணும். அப்புறம் சொல்றேன், பொண்ணு உண்டா இல்லையான்னு."

"சரி."

"தடுக்க மாட்டீங்களா?"

"அறுக்கறதுக்கு முந்தி ஒரு தரம் தண்ணியில இறக்குங்க. நானும் ஏறிப் பாக்கறேன்."

"எஞ்சின் இன்னும் மாட்டலையே."

"கழி போதும்."

நெய்னா அவரை உற்றுப் பார்த்தார்.

"கலந்தர் உங்கக்கிட்ட வந்தானா ஹஜ்ரத்?"

"எல்லாரும்தான் வர்றாங்க."

அந்தப் பதிலும் நெய்னாவுக்குச் சரியாகப் படவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை. கடல் குளம்போலக் கிடந்தது. அடியில் மணல் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் படகைத் தள்ளிவிட்டார்கள். ஹஜ்ரத்தும் ஏறிக்கொண்டார். நெய்னா பின்னால் நின்று கழியை ஊன்றினார். நெஞ்சளவு ஆழத்துக்குப் போனதும் நிறுத்தினார்.

விரிசல் அடைத்த இடத்தைக் குனிந்து தடவினார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவருக்கே தெரியாமல் முகம் மலர்ந்தது.

"நல்ல வேலை" என்றார் ஹஜ்ரத். பின்பக்கம் வந்து குனிந்தார். "இது என்ன காக்கா?"

"அடைப்பு. கரையில ஏத்தினதும் உள்ள கெடக்குற தண்ணி வெளிய போறதுக்கு ஒரு துளை. அதுக்கு மூடி."

"மூடியிருக்கே."

"மூடித்தான் இருக்கணும்."

"அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"கடல் இருக்கு ஹஜ்ரத்!"

"தெறந்து பாத்தீங்களா?"

நெய்னா வாய் திறப்பதற்குள் ஹஜ்ரத் அதைத் திருகினார். கழன்றது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கைலியைத் தூக்கிப் பிடித்தபடி முன்பக்கம் நடந்தார். முன்பெட்டியின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

தண்ணீர் விரல் தடிமனில் பாய்ந்தது.

"அடைப்பைக் குடுங்க ஹஜ்ரத்!"

"பாத்துக்கிட்டு இருக்கேன் காக்கா. சந்தேகமா இருக்குல்ல."

"என்ன சந்தேகம்? முங்கப் போறோம்!"

நெய்னா குதிகாலை வைத்து அமுக்கினார். கால் வழுக்கியது. துண்டைச் சுருட்டித் திணித்தார். துண்டு உள்ளே வந்துவிட்டது. அள்ளி வெளியே கொட்டப் பாத்திரம் இல்லை. கைகளால் இறைத்தார். இறைக்க இறைக்கத் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது, முழங்காலுக்கு ஏறியது. களைத்துப்போய்ப் பின்பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

தண்ணீர் பெட்டியின் மேல் பக்கத்தைத் தொட்டது. அவர் அறுத்துவைத்த வாய்க்குள் இறங்கியது.

குபுக் என்றது.

அவர் குனிந்து பார்த்தார். அறுத்த வாயிலிருந்து கொப்புளம் கொப்புளமாக வந்தது. பெரிது பெரிதாக. ஒன்றன்பின் ஒன்றாக. நிற்கவில்லை. அத்தனை நேரம் பெட்டிக்குள் இருந்தது அவர் கண்ணெதிரே வெளியேறிக்கொண்டிருந்தது.

கடைசிக் கொப்புளம் வெடித்ததும் படகின் பின்பாதி இறங்கி மணலில் உட்கார்ந்தது. நெய்னா கழுத்தளவு தண்ணீரில் இருந்தார்.

முன்பாதி இறங்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு அசைந்தாடியது. அதன் உச்சியில், கைலி நுனி மட்டும் நனைந்து, ஹஜ்ரத் உட்கார்ந்திருந்தார்.

"காக்கா" என்றார். "உள்ள ஒண்ணுமில்லேன்னீங்களே."

*

கரையிலிருந்து யாரோ சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கி வந்தார்கள். கலந்தர். ஜும்ஆவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் காலையிலேயே வந்திருந்தார்.

தெளிந்த தண்ணீருக்குள் அந்த அறுத்த வாயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"காத்துப் பெட்டியையா அறுத்தீங்க மச்சான்? கவுந்தாலும் மெதக்கணும்னுல வச்சிருக்கு அது!"

நெய்னா எழுந்திருக்கவில்லை. கழுத்தளவு தண்ணீரிலிருந்தே கேட்டார்.

"எனக்கு எதுக்குச் சும்மா குடுத்தே?"

"எதை?"

"படகை."

கலந்தர் தலையைச் சொறிந்தார். "அது எங்க கொல்லையில சும்மா கெடந்துச்சு. நீங்க வந்து உங்க வீட்டுல சும்மா கெடந்தீங்க. ரெண்டையும் சேத்துவச்சேன்."

நெய்னா அந்த முகத்தைப் பார்த்தார். இமையைப் பார்த்தார். உதட்டோரத்தைப் பார்த்தார். துறைமுகத்தில் லாரிக்காரர்களை அப்படித்தான் பார்ப்பார். இவர் முகத்தில் உண்மையும் இருக்கலாம், பொய்யும் இருக்கலாம்.

"வாப்பா கூடக் கல்யாண வீட்டுக்கெல்லாம் போவியே" என்றார். "'மூடிக் கெடக்குறத ஒரு தட்டுத் தட்டிப் பாரு'ன்னு சொல்வாரே. அப்புறம் என்ன சொல்வாரு?"

"அது தம் போட்ட சோத்துத் தேக்சாவுக்குச் சொன்னது மச்சான்!" கலந்தருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "மாவு வச்சு மூடியை ஒட்டிட்டு, சோறு வெந்துச்சா இல்லையான்னு நீங்க சுத்திச் சுத்தி வருவீங்க. 'தட்டிப் பாரு நெய்னா, தெறந்துடாதே, தம் போயிடும்'னு சொல்வாரு மாமு. அப்பவும் தெறப்பீங்க. கரண்டியாலயே அடி வாங்குவீங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

நெய்னா முன்பக்கம் பார்த்தார். ஹஜ்ரத் சட்டைப் பையிலிருந்து அடைப்பை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

*

படகைக் கரையேற்றிக் காயவைத்தார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, நெய்னா பின்பெட்டியின் வாயில் ஃபைபர் இழைப்பாயை விரித்து, டப்பாவில் போட்டிருந்த அளவுப்படி ரெசினைக் கலந்து பூசி மூடினார்.

முன்பெட்டியை அறுக்கவில்லை. சபுராவைக் கலந்தர் மகனுக்குக் கொடுப்பதென்று மைமூனிடம் சொன்னார்.