வாழைக்கு உப்பு போட்ட ராசா

ரொம்பக் காலத்துக்கு முன்னே, கடலோரத்தில் வெள்ளைக்கரை என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் செண்பகமாறன். நல்ல ராசாதான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதே அவருக்குச் சட்டம்.

அந்த நாட்டுக்குச் சோறு போட்டது உப்பளம். அதனால் அங்கே உப்பு என்றால் சாமி மாதிரி. மருமகள் வந்தாலும் உப்பு, புதுவீடு கட்டினாலும் உப்பு. உப்பளத்துக்கு அதிகாரி தாண்டவராயர். அரண்மனை வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டவன் மூக்கன். தினமும் பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, "அடடா, மூக்கன் கை கையா, தேனா!" என்பார் ராசா. தாண்டவராயருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் சபையில் மெதுவாக ஆரம்பித்தார். "மகாராசா, நம்ம உப்பில்லாமல் எந்தப் பண்டத்துக்கு ருசி? வாழைக்கும் மரத்துக்கு ஒரு மரக்கால் போட்டால் பழம் அமிர்தமாயிடுமே!"

"பலே! உடனே போடுங்க!"

"வேண்டாம் சாமி," என்று மூக்கன் கும்பிட்டான்.

"சோறு போடுற உப்பையே வேண்டாங்கிறான் பாருங்க!" என்றார் தாண்டவராயர். அன்றைக்கே மரத்துக்கு மரம் உப்பு கொட்டியாச்சு.

எட்டே நாள். இலையெல்லாம் துவண்டு, ஓரம் கருகித் தொங்கியது. ராசா ஓடிவந்து மண்ணைத் தொட்டார். சொதசொத என்று ஈரம்.

"தண்ணியில நிக்கிற மரம் தாகத்தில வாடுமா?" என்று தாண்டவராயர் முந்திக்கொண்டார். "இவன்தான் வேரில் விஷம் வைத்திருக்கான்."

"நாளைக்குச் சபையில் காரணம் சொல்லு மூக்கா. இல்லையென்றால் உன் தலை யானைக் காலுக்கு!" என்றார் ராசா.

மறுநாள் காவலர் மூக்கனைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே அவன் மனைவி மாடத்தி, இடுப்பில் வெள்ளரிக்காய்க் கூடையோடு.

"ஐயா," என்று தாண்டவராயரைப் பார்த்தாள், "தண்ணியில நிக்கிறது தாகத்தில வாடுமான்னு கேட்டீகளாம். நடுக்கடல்ல வழி தப்பின படகுக்காரன் எதில சாவான்?"

"தாகத்திலதான்!" என்று சபை கொல்லென்று சிரித்தது.

அவள் வெள்ளரியை இரண்டு தட்டில் அரிந்து, ஒன்றில் மட்டும் உப்பைத் தூவினாள். வெற்றிலை மெல்லுகிற நேரம் போனது. உப்புத் தட்டில் துண்டெல்லாம் துவண்டு, தண்ணீர் தேங்கி நின்றது.

"இந்தத் தண்ணிய நான் ஊத்தல மகாராசா. காய்க்குள்ள இருந்ததை உப்பு இழுத்துருச்சு. உப்பு எங்கே மிகுதியோ தண்ணி அங்கே சாயும். நல்ல மண்ணுன்னா வேர் குடிக்கும், தண்டு ஏத்திவிடும், இலை வெயிலுக்குக் கொடுக்கும். இப்போ மண்ணுலதான் உப்பு மிகுதி, அது பிடிச்ச தண்ணிய வேருக்கு விடமாட்டேங்குது. இலை மட்டும் கொடுத்துக்கிட்டே இருக்கு. மரம் என்ன செய்யும், பாவம்?"

"இது அறுத்த காய்! உயிருள்ள மரத்துக்கு இது பொருந்தாது," என்றார் தாண்டவராயர்.

"அப்படியா? உசிரோட இருக்கிற நீங்களே ஒரு பிடி உப்பைத் தின்னுட்டு, கடல் தண்ணியக் குடிச்சுத் தாகம் தீர்த்துக் காட்டுங்க. என் புருசனை யானைகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

ராசாவுக்குக் குஷி. செம்பு வந்தது. தாண்டவராயர் உப்பை விழுங்கி, ஒரு மடக்குக் கடல் தண்ணீர் குடித்தார். கண் பிதுங்கியது. "தண்ணி! நல்ல தண்ணி!" என்று அலறினார்.

ராசாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "வாழையும் எட்டு நாளா இதைத்தானே கேட்டிருக்கு. எனக்குத்தான் காது இல்லை."

எழுந்துபோய் மூக்கனின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தார். "தாயி, தோப்பு பிழைக்குமா?"

"வடிகால் வெட்டி, ஆத்துத் தண்ணிய நிறைய விட்டுக் கழுவினா உப்பு வடிஞ்சு போயிரும்."

வடிகால் வெட்டினார்கள். தண்ணீர் சுமக்கிற வேலை தாண்டவராயருக்கு. ஒரு மாதம் குடம் குடமாகச் சுமந்தார். தோள் புண்ணாகிப்போச்சு. அப்புறம் ஒரு காலை, நடுவாழையில் பச்சைக் குருத்து ஒன்று சுருள் விரித்தது.

ராசா கைகூப்பினார். "மாடத்தி, என்ன வேணும் கேளு."

"இவரு தலையைத் திருப்பிக் கொடுத்தீக, அதுவே போதும் மகாராசா. தாண்டவராயர் தோள்ல இருந்து குடத்தை இறக்கிவிடுங்க. அவர் சுமந்த தண்ணியிலதான் இந்தக் குருத்து வந்திருக்கு."

தாண்டவராயர் குடத்தை இறக்கவில்லை. கடைசி வாழை வரைக்கும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் வந்து மூக்கன் கையைப் பிடித்துக்கொண்டார்.