ஈட்டுக்கு ஒன்று எறும்புக்கு

அந்தக் காலத்தில் எறும்புக்கும் வாய் இருந்தது; பேசுகிற வாயைச் சொல்கிறேன். எறும்பு சொன்னது மனிதருக்குப் புரியும், மனிதர் சொன்னது எறும்புக்குப் புரியும். புரிந்து என்ன பயன்? இரண்டு பேரும் பேசியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான், அதுவும் தகராறாகத்தான் முடிந்தது.

தகராறைத் தொடங்கி வைத்தவர் கடவுள். யாருக்கு என்ன உணவு என்று அவர் பங்கு பிரித்த அன்று, எல்லோருக்கும் முன்னால் புறப்பட்டது எறும்புக் கூட்டம்தான். ஆனால் எதிரே வருகிற ஒவ்வொரு எறும்பிடமும் நின்று, முகத்தோடு முகம் வைத்து நலம் விசாரிக்காமல் அவற்றால் நகர முடியாது. இவை போய்ச் சேர்வதற்குள் புல் மாட்டுக்குப் போய்விட்டது, பழம் கிளிக்கு, மீன் கொக்குக்கு. கடவுள் கொஞ்சம் சங்கடப்பட்டார். "சரி, மனிதர்கள் சமைத்ததில் எது திறந்து கிடக்கிறதோ அது உங்களுக்கு. மூடியதை மட்டும் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன? அடுப்படியில் நிற்கிறவர் பாடு அவருக்கா தெரியும்?

தெற்குக் கடற்கரையில் ஒரு துறைமுகம் இருந்தது. அங்கே கப்பல்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவள் பவளாயி. "இந்தக் கரையில என் கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று அவளே சொல்வாள். சாப்பிட்டவர்கள் யாரும் மறுத்ததில்லை. ஆனால் அந்தக் கைப்பக்குவம் அவள் தம்பி கடலனைக் காப்பாற்றவில்லை. துடுப்புப் போடுகிற அவன் போன பயணத்திலிருந்து விலா எலும்பு தெரியத்தான் திரும்பினான். அவனோடு போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

எல்லாம் எறும்பால் வந்தது. கப்பலில் சோற்றை இறக்கி வைத்ததும் வரிசை வந்து நிற்கும். "திறந்துதானே இருக்கு?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேட்கும். அப்புறம் பருக்கை மிஞ்சாது. மூடி போட்டாலும் பரிமாறும்போது எடுத்துத்தானே ஆகவேண்டும்? எடுத்ததுமே, "இதோ, திறந்தாச்சு" என்று விளிம்பிலிருந்து குரல் வரும். கரையில் என்றால் மறுபடி உலை வைக்கலாம். நடுக்கடலில் அரிசியும் விறகும் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

"அக்கா, இந்தத் தடவை இன்னும் தூரம் போறாங்களாம். நான் திரும்பி வந்தா அதிசயம்தான்" என்றான் கடலன்.

"வாயைக் கழுவுடா. கப்பலுக்குச் சமைக்க நானே வர்றேன். நீ மட்டுமில்ல, அதுல ஏறுற ஒருத்தனும் பட்டினியில சாகமாட்டான்."

எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்யாமல் அவளுக்குப் பழக்கமும் இல்லை.

அவள் சமையல்கொட்டகைக்குப் பின்னால் ஒரு பூவரசு. அதில் தையல்சிட்டு ஒன்று இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் மேலும் கீழும் எறும்பு ஊர்கிறது. கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. பவளாயி கரண்டியும் கையுமாகப் போய் நின்றாள்.

"ஏ சிட்டு, உன் வீட்டுப் பக்கம் மட்டும் அதுங்க ஏன் வரல?"

"மூடியிருக்குல்ல, அதான்" என்றது சிட்டு.

"நானுந்தான் மூடுறேன். பானை பானையா மூடுறேன்."

"நீ பானைக்கு மூடி போடுற. அது வேற, சோறு வேற. என் வீட்டுக்கு மூடியும் இலைதான், சுவரும் இலைதான். எதைன்னு எடுப்பாங்க?"

பவளாயி கரண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். அரிசிமாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்தாள். ஓர் உருண்டையைக் கிண்ணம்போலக் குழித்து, உள்ளே தேங்காயும் வெல்லமும் வைத்தாள். சிட்டு இலையைத் தைத்ததைப் போலவே விளிம்பை விரலால் மடித்து மடித்துக் கிள்ளிக்கொண்டு வந்தாள். கடைசி மடிப்பில் வாய் மூடிக்கொண்டது. தட்டு நிறைய ஓர் ஈடு மடித்து, ஆவியில் வேகவைத்து இறக்கினாள்.

வரிசை வந்தது. முன்னால் எறும்புகளின் தலைவி, கறுத்த கட்டெறும்பு.

"திறந்துதானே இருக்கு?"

"நீயே பாரு" என்றாள் பவளாயி.

தலைவி ஏறிப் பார்த்தாள், இறங்கிப் பார்த்தாள், சுற்றிச் சுற்றி வந்தாள். வாசல் இல்லை. உள்ளே வெல்லம் உருகுகிற வாசனை வந்தது, வழிதான் இல்லை. கடவுள் சொன்னதை மீற அவளுக்கு மனம் வரவில்லை. கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பயணத்தில் கப்பலே கொழுக்கட்டை தின்றது. கப்பல் தலைவர் சேந்தனார் மட்டும் முதல் நாள் பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டு கதை பேசினார். "ஐயா, திறந்தாச்சு" என்று முழங்கையிலிருந்து குரல் கேட்டது. அதற்குப் பிறகு அவரும் முழுசாக வாயில் போடப் பழகிக்கொண்டார்.

போன துறைமுகத்திலெல்லாம் இதே எறும்பு, இதே அழுகை. பவளாயி கரையில் இறங்கி உட்கார்ந்து, அந்த ஊர்ப் பெண்களுக்கு மடிப்பு வைக்கக் காட்டினாள். உள்ளே என்ன வைப்பது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. "அது உங்க ஊரு, உங்க நாக்கு" என்றாள். ஓர் ஊரில் முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்தார்கள். குளிர் நாட்டில் உருளைக்கிழங்கை மசித்து வைத்தார்கள். பனிமலைக்காரர்கள் மாவை உச்சியில் குடுமிபோல முடிந்து, தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி அரைத்தார்கள். ஒரு தேசத்தில் சதுரமாக வெட்டிப் பாலாடைக்கட்டியை ஒளித்தார்கள். கடலுக்கு அப்பால் பிறை வடிவில் மடித்து, விளிம்பைக் கயிறு போல முறுக்கிச் சுட்டார்கள். இன்று ஜியாவோசி, பியரோகி, மோமோ, ரவியோலி, எம்பனாடா என்று தேடித் தேடிச் சாப்பிடுகிறோமே, எல்லாம் நம் கொழுக்கட்டைக்குச் சொந்தக்காரர்கள்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

கப்பல் ஊர் திரும்பியது. ஏறியவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். கடலனுக்குத் தொந்திகூட விழுந்திருந்தது. பவளாயி அவனைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டே அடுப்பு மூட்டினாள்.

அப்போது தலைவி வந்தாள். பின்னால் வரிசை இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து எறும்புகள் தள்ளாடி வந்தன. எதிரே வந்ததிடம் நின்று நலம் விசாரிக்கக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணல, தாயி. மூடினத நாங்க தொடல. ஆனா உலகம் பூராவும் மூடிட்டாங்க. என் பிள்ளைங்க விழுந்துக்கிட்டே இருக்கு" என்றாள் தலைவி.

பவளாயி அந்த எறும்புகளைப் பார்த்தாள். முந்தைய பயணத்திலிருந்து தம்பி விலா எலும்பு தெரிய இறங்கி வந்த கோலம் அவள் கண்முன்னால் வந்துவிட்டது. எதிரிதான், ஆனாலும் பசியை அவள் அறிவாள்.

கையில் பாதி மடித்த கொழுக்கட்டை ஒன்று இருந்தது. கடைசி மடிப்பைக் கிள்ளாமல் அப்படியே தட்டில் வைத்தாள். வெந்து இறக்கியபோது எல்லாம் வாய் மூடியிருக்க, அது மட்டும் வாய் பிளந்து பூரணத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"எடுத்துக்க. ஈட்டுக்கு ஒண்ணு உங்களுக்கு."

"நீ தருவ. மத்த ஊர்க்காரங்க?"

"என் கையைப் பாத்துத்தானே எல்லாரும் கத்துக்கிட்டாங்க? மறுபடியும் போறேன். இந்தக் கை ஒண்ணை விட்டா, அவங்க கையும் விடும். அவங்க பிள்ளைங்க கையும் விடும். நான் சொல்லிட்டேன், போ."

தலைவி அந்தப் பூரணத்துக்குள் முகம் புதைத்தாள். கூட்டமே புதைத்தது. கேட்கவேண்டிய கேள்வி தீர்ந்துவிட்டதால், அதற்குப் பிறகு எறும்புகள் மனிதரிடம் பேசுவதை விட்டுவிட்டன. பவளாயியும் சொன்னபடி அடுத்த கப்பலில் ஏறினாள்.

அன்று முதல்தான், எந்த நாட்டு அடுப்பானாலும், எவ்வளவு கைதேர்ந்தவர் மடித்தாலும், ஈட்டுக்கு ஒன்று வாய் பிளந்துவிடுகிறது. அதை விருந்தாளிக்கு வைக்கக் கூச்சப்பட்டு நாம் அடுப்படியிலேயே வாயில் போட்டுக்கொள்கிறோம், எறும்பும் ஒரு வார்த்தை பேசாமல் தன் பங்கைச் சர்க்கரை டப்பாவில் எடுத்துக்கொள்கிறது.