ஆசாரி ரெண்டாந்தடவை பொறந்த கதை

ஒரு ஊர்ல ஒரு மர ஆசாரி இருந்தாரு. பேரு அங்கப்பன். அவரு உயிரோட இருக்கும்போதே ஊரு அவருக்குக் கருமாதி பண்ணிடுச்சு! ம் சொல்லு, சொன்னாத்தான் மேல சொல்லுவேன்.

அவரு பொண்டாட்டி சிந்தாமணி. கல்யாணமான ஆறாம் மாசமே, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பட்டாளத்துக்குக் கிளம்பிட்டாரு. அங்க பெரிய சண்டை. டுமீல் டுமீல்! இவரு மரப்பாலம் கட்டுற ஆளு. அதே பட்டாளத்துல இன்னொரு அங்கப்பனும் இருந்தான். பாவம், அந்தப் பிள்ளை செத்துப்போனான். தந்தி என்னமோ இவரு வீட்டுக்கு வந்துடுச்சு. சிந்தாமணி தாலியைக் கழட்டிட்டா.

அப்புறம் சண்டை முடிஞ்சு, ஒரு நாள் மத்தியானம், தகரப்பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு ஆசாரி வந்து நின்னாரு. அவங்கம்மா "ஐயோ பேயி!"ன்னு கத்துனாங்க. "பசிக்குதும்மா"ன்னாரு. "பேய்க்கு ஏதுடா பசி, எம்புள்ளைதான்!"னு கட்டிக்கிட்டு ஒரே அழுகை, ஒரே சிரிப்பு.

அப்போ கோயில் பூசாரி ஓடி வந்தாரு. "நில்லு அங்கப்பா! கருமாதி முடிஞ்ச ஆளு அப்படியே வாசப்படி ஏறக்கூடாது. மறுபடி பொறக்கணும். தொட்டில் போடணும், காது குத்தணும், அதே பொண்டாட்டியைப் புதுசாக் கட்டணும். அப்பத்தான் உள்ள வரலாம்."

ஜன்னல்கிட்ட சிந்தாமணி நின்னா. வெறும் நெத்தி. அதைப் பார்த்ததும் ஆசாரி, "எது வேணா பண்றேன்"னாரு.

முதல்ல தொட்டில். சேலையில தூளி கட்டி ஏறுனாரு. டர்ர்ர்! கிழிஞ்சு தொப்புன்னு விழுந்தாரு. சரி, நாம ஆசாரிதானேன்னு உளியை எடுத்தாரு. டொக்கு டொக்குன்னு ஆறடித் தொட்டில் செஞ்சு, புளியமரத்துல கட்டி, மீசையோட படுத்துக்கிட்டாரு. அவங்கம்மா ஆராரோ பாட, ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் காதுகுத்து. மாமன் மடியில உக்காந்தாரு, மாமன் நசுங்கிப்போயிட்டாரு! குண்டுக்குப் பயப்படாத மனுசன் ஊசிக்கு "அம்மாஆஆ"ன்னாரு.

மூணாவதா கல்யாணம். டும் டும் டும். தாலியைக் கையில எடுத்தாச்சு. அப்போ சிந்தாமணி, "நிறுத்துங்க. எனக்குச் சம்மதமான்னு யாராச்சும் கேட்டீங்களா?"ன்னா. மேளம் கப்புன்னு நின்னுச்சு.

"அவன் உன் புருசன்தானேம்மா"ன்னாரு பூசாரி.

"அவரு செத்துட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க? இவரு புது மாப்பிள்ளை. கேக்கட்டும்."

ஆசாரிக்கு அப்பத்தான் உறைச்சுது. தாலியைத் தட்டுல வச்சுட்டு, "சிந்தாமணி, அன்னிக்கு உன்னைக் கேக்காம போனது தப்பு. என்னைக் கட்டிக்கிறியா?"ன்னாரு.

"இனிமே?"

"எங்க போனாலும் உன்னைக் கேட்டுட்டுத்தான் போவேன்."

அவ சிரிச்சுக்கிட்டே கழுத்தை நீட்டுனா. டும் டும் டும்!

அப்புறம் ஐம்பது வருசம் அந்தப் பேச்சு மாறலை, கண்ணு. ஆணி வாங்கப் போனாக்கூட, "சிந்தாமணி, போகட்டா?"ம்பாரு. "போயிட்டு வாங்க"ன்னு அவ சொன்னாத்தான் செருப்பை மாட்டுவாரு. ஊரு கேலி பண்ணும். அவருக்கு அதுல ஒரு பெருமை.

கடைசியில வயசாகி, காய்ச்சல்ல படுத்துட்டாரு. வைத்தியரும் கைவிரிச்சுட்டாரு. ஆசாரி மெல்லக் கண்ணைத் தொறந்து, "சிந்தாமணி, போகட்டா?"ன்னாரு.

"ம்ஹூம். போகக்கூடாது"ன்னா.

"சரி"ன்னு எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சாரு. அதுக்கப்புறம் ஒம்பது வருசம் இருந்தாரே!

கதைக்கே கொட்டாவி வந்துடுச்சு. நீயும் தூங்கு கண்ணு.