குட்டியைப் பார்க்காத மான்

மானின் கண் கெட்டுப்போனது. கை தவறிக் கெடவில்லை. கெடுத்தான் ஒருவன். கேட்பதானால் கேளுங்கள், நடுவில் "அப்புறம், அப்புறம்" என்று பிடுங்கக் கூடாது.

மலைகளுக்குப் பெயர் வைக்காத காலம். சுனைக் கரையில் ஓர் அரசன் கல்மண்டபம் கட்டினான். "சாமி சிலை வேண்டாம், என் சிலையும் வேண்டாம். காட்டில் ஓடுவது, ஊர்வது, பூப்பது, அது போதும்" என்றான். நல்ல அரசன்தான். முன்கோபி.

வேலைக்கு வந்த சிற்பிகள் இருவர். மூத்தவன் விடங்கன், இளையவன் சேந்தன். இருவருக்கும் எதிரெதிர்த் தூண்கள். விடங்கன் யானை செதுக்கினான். அதன் காலடியில் பூவும் கொடியுமாக ஒரு புதர். அந்தப் புதருக்கே ஒரு கோடை முழுக்கப் போயிற்று. சேந்தன் குட்டிக்குப் பால் கொடுக்கும் மான் செதுக்கினான்.

விடங்கன் கைக்கு ஈடு கிடையாது. அது அவனுக்கும் தெரியும். வினையே அதுதான்.

தண்ணீருக்கு வந்த பெண்கள் யானையைப் பார்த்து "அடேயப்பா!" என்றார்கள். மானிடம் போய்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். விடங்கனுக்கு வயிறு எரிந்தது.

விறகுக்காரர்கள் வந்தார்கள். யானைக்கு ஒரு "அடேயப்பா!" மானிடம் போய்ச் சுமையை இறக்கினார்கள். இன்னும் எரிந்தது.

ஆடு மேய்க்கிறவள் ஒருத்தி வந்தாள். அவள் யானையைப் பார்க்கவே இல்லை. ஒரு பிடி புல்லைப் பிடுங்கி மானின் வாயருகே நீட்டினாள். "தின்னு தாயி. பால் கொடுக்கிறவ வெறும் வயித்தோட நிக்கலாமா?"

அன்று விடங்கனுக்குச் சோறு இறங்கவில்லை. "என் யானைக்கு ஒரு துண்டுக் கரும்பு நீட்ட நாதியில்லை" என்று முனகினான்.

அந்த நாட்டுச் சிற்பிகளிடம் ஒரு வழக்கம். உடலைச் செதுக்கியவன் கண்ணைத் திறக்கக் கூடாது. பாசத்தில் கை நடுங்கும் என்பார்கள். ஒருவன் சிலைக்கு இன்னொருவன்தான் கண் திறக்க வேண்டும்.

மானுக்குக் கண் திறக்க விடங்கன் ஏறினான். சேந்தன் வழக்கப்படி முதுகு காட்டி நின்றான்.

"அண்ணே, பார்வை குட்டி மேல விழணும்."

"எனக்கே பாடமா? சும்மா நில்லுடா."

உளியை எள்ளளவு தள்ளி வைத்தான். தட்டினான். மான் குட்டியை விட்டுவிட்டு எதிர்த் தூணைப் பார்த்தது.

சேந்தன் திரும்பினான். மானைப் பார்த்தான். விடங்கனைப் பார்த்தான்.

அப்போதுதான் விடங்கனுக்கு உறைத்தது. யானைக்குக் கண் திறக்க வேண்டியவன் சேந்தன்! பொறாமை பிடித்தவனுக்கு மறுநாள் என்று ஒன்று இருப்பது நினைவிலேயே இருக்காது.

"வால் முடியவில்லை" என்றான். ஒரு வாரம் போனது. "நகம் முடியவில்லை" என்றான். இன்னொரு வாரம் போனது. "கல்லில் ஈரம்" என்றான். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கடைசியில் சேந்தனே உளியோடு வந்தான். "தள்ளுங்க அண்ணே. தப்புப் பண்ணினது யானை இல்லையே."

விடங்கன் முதுகு காட்டி நின்றான். ஒவ்வொரு தட்டும் நெஞ்சில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், யானை அவனையே பார்த்தது. உயிருள்ள பார்வை. சந்தோஷப்பட்டானா? எங்கே! "இந்தக் கண்ணும் அவன் போட்ட பிச்சையா" என்று அதற்கும் எரிந்தான்.

அரசன் வந்தான். யானையைச் சுற்றிச் சுற்றி மகிழ்ந்தான். மானிடம் வந்ததும் முகம் கடுத்தது.

"பெற்ற குட்டியைப் பார்க்காத தாயும் உண்டா? பௌர்ணமிக்குள் பெயர்த்தெடுத்து உடையுங்கள். சுனைக்குப் படிக்கல் ஆகட்டும்."

எல்லோரும் சேந்தனைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும், விடங்கன் மாட்டிக்கொள்வான். சேந்தன் மானின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். அந்தச் சொல் வரவில்லை.

அரசன் போனதும் விடங்கன் மானின் எதிரே உட்கார்ந்தான். அதுவரை அவன் அதை முழுதாகப் பார்த்ததே இல்லை. பால் குடிக்கும் குட்டியின் தொண்டை புடைத்திருந்தது. வயிற்று மடிப்பில் மூச்சு தெரிந்தது. இதையா உடைக்கப் போகிறார்கள்?

வெட்டிய கல் ஒட்டாது. கண்ணை மாற்ற வழியில்லை. அந்தப் பார்வை எங்கே போகிறது என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தான். நேராக அவன் தூணுக்கு, அவன் புதருக்குப் போனது.

எழுந்தான். தன் புதரில் உளியை வைத்தான்.

"அண்ணே! பைத்தியமா? ஒரு கோடை வேலை!"

"வாயை மூடு."

பூக்கள் உதிர்ந்தன. கொடி அறுந்தது. இலைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுத்தையின் முகம் வெளியே வந்தது. பதுங்கிய முகம், மடங்கிய காது. அதன் கண்ணைச் சேந்தன் திறந்தான்.

பௌர்ணமியன்று அரசன் கடப்பாரைக்காரர்களோடு வந்தான். மானைப் பார்த்தான். அது பார்த்த இடத்தைப் பார்த்தான். சிறுத்தையைக் கண்டு ஓரடி பின்வாங்கினான்.

"அட, காவல் அல்லவா நிற்கிறாள்! குட்டி பயமில்லாமல் குடிக்கிறதே!" என்றான். கடப்பாரைகள் திரும்பிப் போயின.

இருவரும் அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டார்களா என்று கேட்காதீர்கள். மானைக் கடக்கும்போதெல்லாம் விடங்கனுக்கு வயிற்றில் கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனால் மறுபடி உளி தள்ளிப் போகவில்லை.

பொறாமையால் பிறர் வேலையைக் கெடுத்தவன், தன் வேலையில் கை வைத்துத்தான் அதை நேராக்க வேண்டும். அப்படி நேராக்கியவன் விடங்கன்.