வெறுங்கை விதி

ஈரோட்டில் ஞாயிறுதோறும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை விளையாடும் கூட்டம் ஒன்று இருந்தது. விதிப்புத்தகம் எழுதியவரும் தீர்ப்புச் சொல்பவரும் வேதமூர்த்திதான். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தையல்கடையில் வேலை பார்க்கும் பூங்கோதை அன்றுதான் சேர்ந்தாள். கதையில் அவள் ஆயுதமே எடுக்காத மல்லச்சி.

குகை வாசலில் ஓர் அரக்கன் வழிமறித்தான்.

"ஒரு குத்து விடறேன்," என்று பூங்கோதை பகடையை எடுத்தாள்.

"பலிக்காதும்மா," என்று வேதமூர்த்தி புத்தகத்தைத் தட்டினார். "'ஆயுதத்தால் அடித்தால்தான் காயம்'னு எழுதியிருக்கேன். கை ஆயுதமில்லை. இப்ப அரக்கன் உன்னை அறையறான். செத்தா ஆட்டத்தை விட்டு எழுந்திருக்கணும்."

பூங்கோதைக்கு முகம் சுண்டிப்போனது. அந்த வரியை விரல் வைத்து இன்னொரு தரம் படித்தாள்.

"அரக்கன் கையில என்ன வெச்சிருக்கான் சார்?"

"அவனுக்கெதுக்கு ஆயுதம்? வெறுங்கையாலயே..." வேதமூர்த்தி பாதியில் நிறுத்தினார்.

"அப்ப எனக்கும் காயமில்லையே சார். அவன் அறைஞ்சுகிட்டே இருக்கட்டும், நான் உள்ளே போறேன்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். வேதமூர்த்தி பேனாவை எடுத்து, 'கையும் ஆயுதமே' என்று அவசரமாகத் திருத்தினார்.

"ரொம்ப நன்றி சார். இப்ப என் குத்தும் பலிக்கும்ல?"

பகடை உருண்டது. அரக்கன் மல்லாந்து விழுந்தான்.