நாலாவது விசில்

வாசல் பலகையில் 'நாதக்கடல் சிங்காரவேலர்' என்று தனக்குத் தானே பட்டம் எழுதி மாட்டியவரிடம்தான் அங்காளேஸ்வரி உதவியாளராக வேலை பார்த்தாள். அவர் வீடியோ கேமுக்கு இசை போடுபவர். மெட்டில் பாதி இவளுடையது. பெயர் முழுக்க அவருடையது.

ஒருநாள், கேம் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தபோது கேட்டேவிட்டாள். "கேம்ல என் பேரும் வரணும் சார்."

கடல் பொங்கிவிட்டது. "அப்போ பூதம் வர்ற கட்டத்துக்கு நீயே இசை போடு. கேக்கறவன் பதறி எந்திரிக்கணும். ஆனா வாத்தியமும் இருக்கக் கூடாது, குரலும் இருக்கக் கூடாது. முடியலேன்னா ஊருக்குப் பஸ் ஏறிடு!"

"முடிஞ்சா சார்?"

"நானே எந்திரிச்சா, உன் பேரு மேலே, என் பேரு கீழே!"

மறுநாள் காலை, அதே ஆட்கள் நடுவே நாதக்கடல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அங்காளேஸ்வரி பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கரில் அவள் வீட்டுக் குக்கர் 'புஸ்ஸ்' என்றது. ஒரு விசில். ரெண்டு. மூணு. எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அந்த 'புஸ்ஸ்' ஏறிக்கொண்டே போனது. நாலாவது விசில் மட்டும் வரவே இல்லை. சிரிப்பு அடங்கியது. நாதக்கடலின் கால் கீழே இறங்கியது, நெற்றி வேர்த்தது.

"யாரும்மா அங்கே? அடுப்பை அணைங்க, பருப்பு தீயுது!" என்று அலறிக்கொண்டு கதவுவரை ஓடிவிட்டார்.

"அணைச்சிட்டேன் சார்," என்று பொத்தானைத் தட்டினாள் அங்காளேஸ்வரி.

கம்பெனிக்காரர் பேனாவை எடுத்தார். "முழுப் பேரு சொல்லுங்கம்மா."

"அங்காளேஸ்வரி. பெருசாவே எழுதுங்க சார். கீழே ஒரு கடலுக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டுடுங்க."